பதினேழாம் பக்கம்

போர்ட்டோவில் மூன்று நாளாக மழை.
கம்பான்யா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூடிப்போன செருப்புக் கடையின் மாடியில்
எங்கள் கட்சி அலுவலகம்.
ஒழுகும் இடத்தில்
போன தேர்தலுக்கு அடித்த பிளாஸ்டிக் வாளி,
சின்னம் இன்னும் அழியவில்லை.

பொருளாதார அறிக்கை என் பொறுப்பு.
எட்டு மாதம்
பூட்டிய வீடுகளின் தண்ணீர் மீட்டர்களை எண்ணினேன்.
ஆண்டு முழுக்க அசையாத எண்கள்.
குழாய் திறக்க ஆளில்லாத
நாலாயிரத்துச் சொச்சம் சமையலறைகள்.
அப்புறம்தான் எழுதினேன் பதினேழாம் பக்கத்தை:
இரண்டாண்டு பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு
மதிப்பில் நூற்றுக்கு மூன்று வரி விதிப்போம்.
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

புதன் சாயங்காலம் போன் வந்தது.
அடெரீட்டு ஃபல்காத்து.
ஆமாம், அந்த கோல்கீப்பர்தான்,
அந்த இடது கைதான்.
எந்தக் காபிக் கடைக்குப் போனாலும்
கல்லாவுக்கு மேலே கன்னி மரியாளும் அவரும்.
உங்களை ஆதரிக்கிறேன், சனிக்கிழமை மேடைக்கு வருகிறேன்
என்றார். வைத்துவிட்டார்.
பொருளாளர் ழசிந்த்தா அழுதேவிட்டாள்.
மூன்று சதவிகிதக் கட்சிக்கு
இப்படியெல்லாம் நடப்பதில்லை.

எவரிஸ்துதான் முதலில் பதிவேட்டைப் பார்த்தான்.
ஃபோஸ் கடற்கரையில் நாலு, ஆற்றங்கரையில் ஏழு.
பதினொரு வீடு.
பூட்டியவை எத்தனை என்று
அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மீட்டர் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது.

அவர் நிபந்தனை ஒன்றும் வைக்கவில்லை.
அதுதான் எங்களைக் கலக்கியது.
வைத்திருந்தால் பேரம் பேசியிருப்போம்.

அன்றிரவு ஒரு வினைச்சொல் படிப்படியாக இறங்கியது.
பத்து மணிக்கு, விதிக்க முயல்வோம்.
பன்னிரண்டுக்கு, விதிப்பது பற்றி ஆராய்வோம்.
ஒன்றரைக்கு அந்த மூன்று காணாமல் போனது.
வீடு என்ற சொல் யாருக்கோ உறுத்தியது,
குடியிருப்புச் சொத்து என்று ஆக்கினோம்.
விடியும்போது,
ஆராய ஒரு குழு அமைப்பதன் அவசியத்தை
உணர்கிறோம்.

நான் எதிர்த்தேனா?
ஒரு தரம்.
பிறகு எல்லோருக்கும் காபி போட்டேன்.
காற்புள்ளிகளைச் சரிபார்த்ததும் நான்தான்.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நாங்கள் பார்க்கவில்லை.
எங்கள் பல்லைப் பிடுங்கி
மாட்டின் காலடியில் வைத்தோம்.

சனிக்கிழமை சதுக்கம் கொள்ளவில்லை.
குடைமேல் குடை, தோள்மேல் பிள்ளைகள்.
கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது,
இவர்களைத் தெரியும் என்றார் அவர்.
அரை நிமிடம்கூட இல்லை.
திங்கட்கிழமைக் கருத்துக்கணிப்பில்
நாலு புள்ளி ஏறியிருந்தோம்.

சொல்ல வந்தது அதுவல்ல.
மேடைக்குப் பின்னால் கார் வர நேரமானது.
என் குடையின் பாதி அவருக்கு.
காலி வீடு பற்றி ஏதோ எழுதியிருக்கிறீர்களாமே,
டிரைவர் சொன்னான் என்றார்.
எனக்கு வாய் உலர்ந்தது.
எனக்கும் கிடக்கிறது சில,
சாவி எங்கே என்றுகூட நினைவில்லை,
எவனாவது பிடித்து உலுக்கினால்தான்
இதற்கெல்லாம் ஒரு வழி பிறக்கும்
என்று சிரித்தார்.

கேலியா நிஜமா தெரியவில்லை.
பெனால்டியில் எந்தப் பக்கம் பாய்வார் என்று
யாருக்குத்தான் தெரிந்திருக்கிறது?

குழு அமைக்கிறோம் என்றேன்.
ஓ, என்றார்,
கம்பத்துக்கு வெளியே போகும் பந்தை
விட்டுவிட்டுப் பார்க்கிற முகத்துடன்.

கார் வந்தது.
ஏறும் முன் கையுறை ஒன்றில்
கையெழுத்திட்டுத் தந்தார்.
இடது கை.
அதை அலுவலகத்தில்
வாளிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள்.
விரல் நுனியில் திரண்டு
சொட்டுகிறது.